நான் எழுதிய மூன்று பெயர்கள்

பிரபு, இதை நீ ஒரே மூச்சில் படித்து முடிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தாலும் எழுத்தை நீ கூட்டிக் கூட்டித்தான் படிப்பாய். இங்கிலீஷில் எழுதியிருக்கலாம். நம் தேஹு ரோடு ஊரில் பத்து வருஷம் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவளுக்கு அது ஒன்றும் கஷ்டம் இல்லை. ஆனால் நான் இங்கிலீஷில் எழுதியதெல்லாம் ஆபீஸ் கடிதங்கள். எதையுமே சொல்லாமல் ஒரு பக்கத்தை நிரப்ப அந்த மொழியில் எனக்கு நன்றாகத் தெரியும். தமிழில் அந்தப் பழக்கம் இல்லை. அதனால் இதில் எழுதுகிறேன். உறையை ஒட்டவில்லை. உன் அப்பா படித்துவிட்டார். அடுத்த மாதம் உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளும் படிக்கட்டும், அவள் வீட்டார் படித்தாலும் சரி.

போன மாதம் ஆகுர்டியில் பெண் வீட்டில் உன் நிச்சயதார்த்தம் முடிந்து எல்லாரும் பேசிக்கொண்டிருந்தபோது, உன் மாமனார் என்னைப் பார்த்துக் கேட்டார்: "மாப்பிள்ளை காலேஜ் படிக்கும்போதே அமெரிக்கா போயிட்டு வந்தாராமே, அங்க என்ன வேலைங்க?" நான் வாயைத் திறப்பதற்குள் நீயே சொன்னாய்: "ஓட்டல்ல பாத்திரம் கழுவினேன் மாமா. மூணு மாசம். இப்பவும் நல்லா கழுவுவேன், உங்க பொண்ணுக்கு அந்தக் கவலை வேணாம்." எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டேன். வீட்டுக்குத் திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் என் பக்கம் சாய்ந்து கேட்டாய்: "ஏம்மா, பாத்திரம் கழுவினேன்னு சொன்னது உனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சா?" இல்லை என்றேன். "பின்ன ஏன் எழுந்து போன?" தலைவலி என்றேன். நீ நம்பவில்லை. அம்மாவுக்குக் கௌரவம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பேசாமல் வந்தாய். பாத்திரம் கழுவியதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை. அந்த வேலை உனக்கு எப்படிக் கிடைத்தது என்பதுதான் என் தலைவலி. அது இன்று வரை உனக்குத் தெரியாது.

கொஞ்சம் முன்னாலிருந்தே சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் வகுப்பு வந்ததும், நான் வேலை பார்த்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டை மூடிவிட்டார்கள். இரண்டு வருஷம் வீட்டில் இருந்தேன். உன் அப்பாவுக்கு ராணுவத்தின் ஆர்டனன்ஸ் டெப்போவில் ஸ்டோர் வேலை. குவார்ட்டர்ஸும் கேன்டீன் சாமானும் உண்டு, நமக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் பழகிய விரல் சும்மா இருக்க மாட்டேன் என்றது. அப்போதுதான் என் பழைய மாணவி ஒருத்தி விமான் நகரில் ஒரு ஆபீஸில் சேர்த்துவிட்டாள். லோக்கல் ரயிலில் புனே ஸ்டேஷன் வரை போய், அங்கிருந்து பஸ். கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்று அறைகள். விமானம் தலைக்கு மேலே இறங்கும்போது டெலிபோனில் பேசிக்கொண்டிருக்கும் நாங்கள் எல்லாரும் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திக் காத்திருப்போம்.

அந்த ஆபீஸின் தொழிலை நீ அறிவாய், ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 'வொர்க் அண்ட் டிராவல்' என்று சொல்வோம். காலேஜ் மாணவர்கள் விடுமுறையில் அமெரிக்கா போய் ஓட்டல், கடற்கரைக் கடை, விளையாட்டுப் பூங்கா என்று சுற்றுலா ஊர்களில் மூன்று மாதம் வேலை செய்யலாம். மிச்ச நாளில் ஊர் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். அங்கே வேலை தருகிற முதலாளியின் கடிதம் வேண்டும். அங்கேயே இருக்கும் ஒரு பொறுப்பு நிறுவனம் அந்தக் கடிதத்தைப் பார்த்து ஒரு படிவம் கொடுக்கும். அதை வைத்து மும்பையில் விசா. நாங்கள் நடுவில் இருப்பவர்கள். கோப்பைச் சரிபார்ப்பதும் மாணவர்களை நேர்காணலுக்குத் தயார் செய்வதும் என் வேலை. "ஏன் போகிறாய்? திரும்பி வருவாயா? அந்த ஊரில் என்ன வேலை?" என்று நான் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்பேன். நான் விமானத்தில் ஏறியதே இல்லை. கேள்வி மட்டும் கேட்பேன்.

அது கெட்ட திட்டம் இல்லை. போய்வந்த பிள்ளைகள் மாறி வருவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தன் தட்டைத் தானே கழுவாத பையன்கள் வந்து, "மேடம், அங்க எனக்கு ஒரு அடுக்குப் படுக்கையும் ஒரு ஆணியும்தான் கொடுத்தாங்க, எல்லாச் சட்டையையும் அந்த ஆணியில மாட்டினேன்" என்று பெருமையாகச் சொல்வார்கள். அதனால்தான் உன்னையும் அனுப்ப நினைத்தேன். இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். "படிப்பு முடியட்டும், அவசரம் என்ன?" என்றார் உன் அப்பா. நான்தான் விடவில்லை. நீ மட்டும் போவது அவருக்குப் பயமாக இருந்தது. அதற்கும் வழி கண்டுபிடித்தேன். கலையரசியையும் சேர்த்தேன்.

கலையின் அப்பா முருகேசன் அண்ணன் டெப்போவில் பேக்கிங் செக்‌ஷன். உன் அப்பாவும் அவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நீயும் கலையும் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரே பள்ளிக்கூடம். அவள் பி.காம் இரண்டாம் வருஷம். எங்கேயும் அனுப்ப மாட்டேன் என்றுதான் அவர் முதலில் சொன்னார். நான் மூன்று முறை அவர் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். பொண்ணுக்கு இங்கிலீஷ் நன்றாக வருகிறது, பிரபு கூடவே இருப்பான், ஆபீஸில் நான் இருக்கிறேன் என்றேன். கடைசியில் அவர் சொன்னார்: "அமெரிக்காவ எனக்குத் தெரியாது தங்கச்சி. உன்னைத் தெரியும். நீ சொல்றதால அனுப்புறேன்." நான் தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தேன்.

ஒரு ஏரிக்கரை ஊரில் இருந்த ஓட்டல். ஆறு பேருக்கு வேலைக் கடிதம் வந்தது. உங்கள் இரண்டு பேரைத் தவிர நாலு பேரும் புனே காலேஜ் பிள்ளைகள். ஆறு பேருக்கும் விசா கிடைத்தது. கலையின் நேர்காணல்தான் எல்லாவற்றிலும் நன்றாக இருந்தது. பயிற்சியில் நான் அவளுக்குத்தான் அதிக மதிப்பெண் போட்டேன், உனக்கு நாலாவது இடம்.

நீங்கள் கிளம்ப இரண்டு வாரம் இருந்தபோது அந்த ஓட்டலிலிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்தது. குளிர்காலத்தில் குழாய் வெடித்து ஓட்டலின் ஒரு பக்கம் முழுக்கப் பாழாகிவிட்டது, பழுது பார்க்க இந்த சீசன் போதாது, ஆறு பேருக்குப் பதில் மூன்று பேரைத்தான் எடுக்க முடியும். யார் அந்த மூன்று பேர் என்பதை நீங்களே முடிவு செய்து எழுதி அனுப்புங்கள், மற்றவர்களுக்கு வேறு இடம் பார்த்த பிறகே அனுப்புங்கள் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். அந்த ஓட்டல்காரர் மேல் எந்தத் தப்பும் இல்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இத்தனை வருஷமும் நீ அவரைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாய்.

மேனேஜர் பாட்கரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஹிந்தியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "மேடம், அது பெரிய டூரிஸ்ட் ஊர். தெரு முழுக்கக் கடை. அங்கே போய் நின்றால் யாராவது எடுத்துக்கொள்வார்கள். இப்போது சொன்னால் பயந்து போய் எல்லாவற்றையும் ரத்து பண்ணுவார்கள், அப்புறம் அடுத்த வருஷம் யார் நம்மிடம் வருவார்கள்? சொல்ல வேண்டாம்." பிறகு அந்தத் தாளை என் பக்கம் தள்ளினார். "மூன்று பெயர் நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள். பிள்ளைகளை உங்களுக்குத்தானே தெரியும்."

என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். அவர் சொன்னதை நான் நம்பினேனா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். நம்பவில்லை. நம்பியிருந்தால் யார் பெயரை எழுதினாலும் ஒன்றுதானே. முதல் பெயராக உன் பெயரை எழுதினேன். அடுத்த இரண்டும் புனே பையன்கள், அவர்களுடைய அப்பா அம்மா அடிக்கடி போன் செய்து கேள்வி கேட்பவர்கள். முருகேசன் அண்ணன் ஒரு முறைகூட போன் செய்து கேட்டதில்லை. அவர் கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். கீழே என் கையெழுத்தைப் போட்டு ஃபேக்ஸ் மெஷினில் வைத்தேன். தாள் உள்ளே போய் வெளியே வர ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அதன் பிறகு சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். எலுமிச்சைச் சாதம். அன்றைக்குப் பசி நன்றாகத்தான் இருந்தது. அழுதேன், தவித்தேன் என்று எழுதினால் அது பொய்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் இருந்தது. கலை இரண்டு தடவை நம் வீட்டுக்கு வந்தாள். எத்தனை ஸ்வெட்டர் எடுத்துப் போகலாம், ஊறுகாய் விடுவார்களா என்றெல்லாம் கேட்டாள். அவளுக்குப் பெட்டி அடுக்கிக் கொடுத்தேன். சொல்ல எத்தனையோ நேரம் இருந்தது. ஒரு வாக்கியம் போதும். நான் ஊறுகாயை எப்படிப் பொதிய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன்.

நீங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் சாயங்காலம் உன் போன் வந்தது. உனக்கு அது காலை. "அம்மா, இங்க மூணு பேருக்குத்தான் வேலையாம். என்னை எடுத்துக்கிட்டாங்க. கலையையும் இன்னும் ரெண்டு பேரையும் லிஸ்ட்லயே இல்லைன்னு சொல்றாங்க. ஏதோ தப்பு நடந்திருக்கு. நீ ஆபீஸ்ல உடனே கேளு." உன் குரலில் பதற்றம் இருந்தாலும் ஒரு நிம்மதியும் இருந்தது. அம்மா அந்த ஆபீஸில்தானே இருக்கிறாள், சரி செய்துவிடுவாள் என்ற நிம்மதி. "அப்படியா? என்னன்னு கேக்கிறேன்" என்றேன். அந்த 'அப்படியா'தான் உன்னிடம் நான் சொன்ன முதல் பொய்.

அந்த நாட்களை நீ என்னைவிட நன்றாக அறிவாய். பாட்கர் இன்றைக்கு நாளைக்கு என்றார். நீ வேலை முடிந்ததும் கலையையும் கூட்டிக்கொண்டு நெடுஞ்சாலை ஓரமாக நடந்தே கடை கடையாக ஏறி இறங்கினாய். "எல்லா இடத்திலயும் ஆள் எடுத்து முடிச்சுட்டாங்கம்மா" என்றாய். வேலை கிடைக்காத மூன்று பேரும் ஏழு பேர் தங்குகிற அறையில் தரையில் படுத்திருந்தார்கள். பத்தாம் நாளோ என்னவோ, நீ ஒரு யோசனை கேட்டாய். "அம்மா, எங்க கார்டுல அந்தப் பொறுப்பு கம்பெனியோட நம்பர் இருக்கு. ஏதாவது பிரச்சினைன்னா கூப்பிடுன்னு போட்டிருக்கு. கலை கூப்பிடட்டுமான்னு கேக்கிறா. ஆனா எது ஆனாலும் முதல்ல நம்ம ஆபீஸ்கிட்டதான் சொல்லணும்னு கையெழுத்து வாங்கியிருக்கீங்களே. என்ன செய்யட்டும்?"

சரியான கேள்வி. அந்த நம்பர் அதற்காகத்தான் இருந்தது. அவர்களைக் கூப்பிட்டால் அவர்கள் ஓட்டலைக் கேட்பார்கள், ஓட்டல்காரர் அந்தத் தாளைக் காட்டுவார், அதில் என் கையெழுத்து இருக்கும். நான் சொன்னேன்: "வேணாம். அவசரப்படாதீங்க. நாலு நாள் பொறுத்துக்கோங்க, இங்கயே முடிச்சிடலாம்." நீ சரி என்றாய். எப்போதும் சொன்னதைக் கேட்கிற பிள்ளை. நாலு நாள் ஆனது. இன்னும் நாலு நாள் என்றேன். முருகேசன் அண்ணன் தெருவில் பார்த்தபோது, "பொண்ணு போன் பண்ணிச்சு, வேலை நல்லா போகுதாம்" என்றார். அப்பா பயந்துவிடக்கூடாது என்று அவள் அப்படிச் சொல்லியிருக்கிறாள். "ஆமாண்ணே" என்றேன்.

பத்தொன்பதாம் நாள் கலை யாரையும் கேட்காமல் தானே அந்த நம்பரைக் கூப்பிட்டாள். இரண்டே நாளில் மூன்று பேருக்கும் வேறு வேறு ஊர்களில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். கலைக்குப் பஸ்ஸில் மூன்று மணி நேரம் தள்ளி, கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் வருகிற ஒரு இடத்தில் துணி வெளுக்கிற வேலை. நீ பஸ் ஏற்றிவிடப் போனாய். அங்கே நடந்ததை ஆகஸ்டில் திரும்பி வந்த பிறகு என்னிடம் சொன்னாய். "ஏறும்போது என்னைப் பாத்து, 'உனக்கு முன்னாடியே தெரியுமா?'ன்னு கேட்டாம்மா. என்ன தெரியும்னேன். ஒண்ணுமே சொல்லாம ஏறிப் போயிட்டா. அதுக்கப்புறம் எத்தனை மெயில் போட்டேன், ஒண்ணுக்கும் பதில் இல்ல. அவ ஏன் அப்படிக் கேட்டா?" நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "களைச்சுப் போயிருப்பா, விடு" என்றேன்.

அவள் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஃபேக்ஸின் நகல், ஓட்டல்காரர் கொடுத்தது, அவள் பையில் இருந்தது.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கலை நம் வீட்டுக்கு வந்தாள். நீ காலேஜ் நண்பர்களோடு லோணாவளா போயிருந்தாய், அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். நீ இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்திருந்தாள். இளைத்திருந்தாள், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, உட்காராமலே அந்தத் தாளை எடுத்து மேஜை மேல் விரித்தாள்.

"ஆன்ட்டி, இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாம்."

"இந்த மூணு பேரை எடுத்துக்கங்கன்னு எழுதினது நீங்கதானே?"

"ஆமாம்."

"ஏன் ஆன்ட்டி?"

எத்தனையோ பதில்கள் தயாராக இருந்தன. மேனேஜர் சொன்னார், வேலை போய்விடும் என்று பயந்தேன், அங்கே கிடைத்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் அவள் முன்னால் அதெல்லாம் வாயில் வரவில்லை. "அவன் என் பிள்ளை" என்றேன்.

அவள் தலையாட்டினாள். "அது சரி ஆன்ட்டி. எங்க அப்பாவா இருந்தாலும் என் பேரைத்தான் எழுதியிருப்பாரு. அதுக்கு நான் கோவப்படல. ஆனா எங்கிட்ட சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன். வீட்டுலயே இருந்திருப்பேன், அவ்வளவுதான். நீங்க பெட்டி அடுக்கிக் குடுத்தீங்களே."

அவள் கேட்டாள்: "பிரபுவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சத்தியமா தெரியாது."

"அப்படின்னா நீங்க சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன், அவன் அம்மாவப் பத்தி நான் சொல்றது நல்லா இருக்காது. ஆனா இதை மனசுல வச்சுக்கிட்டு அவன்கூட சிரிச்சுப் பேசவும் என்னால முடியாது. நீங்க சொன்னதுக்கப்புறம் அவனே வந்து பேசட்டும். நான் பேசுவேன்."

தாளை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனாள். அதைக் கிழித்துப் போட்டேன். உன்னிடம் சொல்லவில்லை.

இதுதான் பிரபு, நான் செய்ததில் பெரியது. ஃபேக்ஸில் பெயர் எழுதிய மத்தியானத்தை ஒரு பலவீனம் என்று யாராவது மன்னிக்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எனக்கு நாலு வருஷம் இருந்தது. ஒவ்வொரு நாளும் சொல்லாமல் இருந்தேன். கலை தெருவில் உன்னைப் பார்த்தும் பார்க்காமல் போனாள். நீ முதலில் வருத்தப்பட்டாய், அப்புறம் கோபப்பட்டாய், "அமெரிக்கா போயிட்டு வந்ததும் தலைக்கனம் ஏறிப்போச்சு" என்றாய். அவள் படிப்பை முடித்து ஹைதராபாத்தில் வேலைக்குப் போனபோது, ஸ்டேஷனுக்குக்கூட நீ போகவில்லை. அவள் காத்திருந்தது உனக்குத் தெரியாது. உங்களுக்குள் சிநேகிதம் மட்டும்தானா, அதற்கு மேல் ஏதாவது இருந்ததா என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை. நீ இன்று சந்தோஷமாக ஒருத்தியைக் கட்டிக்கொள்ளப் போகிறாய். அதைக் கலைப்பதற்காக இதை எழுதவில்லை. பத்து வருஷம் உன்னோடு பழகிய ஒருத்தியைத் தலைக்கனம் பிடித்தவள் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பதை மாற்றத்தான் எழுதுகிறேன்.

அந்த வேலையையும் நான் உடனே விடவில்லை. இன்னொரு சீசனும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சாதாராவிலிருந்து ஒரு விவசாயி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கோப்பெல்லாம் பார்த்து முடித்ததும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: "நௌக்ரி பக்கா ஹை நா, மேடம்?" வேலை நிச்சயம்தானே என்று. வழக்கமாகச் சொல்கிற பதில் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லாமல், கடிதத்தில் இருந்த ஓட்டல் நம்பரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, "நீங்களே போன் பண்ணிக் கேளுங்க. கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி இன்னொரு தடவை கேளுங்க" என்றேன். அதற்கப்புறம் என்னிடம் வந்த எல்லாருக்கும் நம்பர் எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் பாட்கர் என்னைப் பழைய கோப்புகள் இருந்த அறைக்கு மாற்றினார். அடுத்த மாதம் நானே வேலையிலிருந்து நின்றுகொண்டேன். முழங்கால் வலி, பஸ்ஸில் நிற்க முடியவில்லை என்று வீட்டில் சொன்னேன். இதைப் பெரிய காரியமாக எழுதவில்லை. கலைக்குச் செய்ய வேண்டியதை யார் யாருக்கோ செய்தேன், அவ்வளவுதான்.

புதிதாகக் குடும்பம் நடத்தப் போகிற பிள்ளைக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும். ஆபீஸிலோ வேறு எங்கேயோ ஒரு நாள் உன் முன்னால் ஒரு தாள் வரும், அதில் எல்லாருக்கும் இடம் இருக்காது, பேனா உன் கையில் இருக்கும். உன் பிள்ளையை எழுதாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதுவாய். எழுதினால், விட்டுப்போனவரிடம் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடு. அவர் கத்தட்டும், உன் முகத்தில் விழிக்காமல் போகட்டும். ஆனால் பெட்டி அடுக்கிக் கொடுக்காதே. உன் பெண்டாட்டியிடமும் அப்படித்தான். முதல் நாள் ஒரு வாக்கியத்தில் முடிகிறதை வருஷக்கணக்கில் தள்ளினால், அது எத்தனை பக்கம் ஆகிறது என்று இந்தக் கடிதத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஆகுர்டியிலிருந்து வந்த மறுநாள் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் மடித்துக் கீழே வைத்தார். "முருகேசன் கிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் கூட வர்றேன். ஆனா உனக்காக ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்றார். இரண்டு நாள் என்னோடும் பேசவில்லை.

முருகேசன் அண்ணனிடம் போவதற்கு முன்னால் கலைக்கு போன் செய்தேன். நம்பரை அவள் அம்மாவிடம் வாங்கினேன். என் குரலைக் கேட்டதும், "சொல்லிட்டீங்களா ஆன்ட்டி?" என்றாள். நாலு வருஷம் கழித்து, அவள் கேட்ட முதல் கேள்வி. இன்னும் இல்லை, எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். முருகேசன் அண்ணனிடமும் சொல்ல நினைக்கிறேன், சம்மதமா என்றேன். "சொல்லுங்க. நானே சொல்லணும்னு பல தடவை நினைச்சேன். போன்ல அவ்வளவு நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு, அப்புறம் எப்படிச் சொல்றது? வாய் வரல" என்றாள்.

நேற்றுச் சாயங்காலம் நானும் உன் அப்பாவும் முருகேசன் அண்ணன் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி ஊருக்குப் போயிருந்தாள். முருகேசன் அண்ணன் எங்களைப் பார்த்ததும், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்திருக்கிறோம் என்று நினைத்துச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். ஃபேக்ஸ், மூன்று பெயர், என் கையெழுத்து, நம்பரைக் கூப்பிடாதே என்று தடுத்தது, ஒன்றையும் விடவில்லை. உன் அப்பா சொன்னபடி ஒரு வார்த்தை பேசவில்லை. முருகேசன் அண்ணன் திட்டுவார், எழுந்து போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் கேட்டது ஒன்றுதான். "அந்தப் பத்தொன்பது நாளும் பிள்ளை என்ன சாப்பிட்டுச்சு?"

"எனக்குத் தெரியாதுண்ணே" என்றேன்.

"யாருக்குத் தெரியும்?"

"பிரபுவுக்குத் தெரியும்."

"அவளைக் கேட்டா மறுபடியும் நல்லாத்தான் இருந்தேன்னு சொல்லுவா. உன் பையனை ஒரு தடவை வரச் சொல்லு. அவன் சொல்லட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டில்தான் இருப்பார். நீ போய்வா. அவர் கேட்கிறதுக்கெல்லாம், தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லு. என் பெயர் வருகிற இடத்தில் எதையும் குறைத்துச் சொல்லாதே. அது முடிந்த பிறகு, எனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் வீட்டுக்கு வா. இல்லையென்றாலும் வா, நான் கேள்வி ஒன்றும் கேட்க மாட்டேன்.

அம்மா